அக்கா கட்டுகிறாள், தம்பி இடிக்கிறான்: நடுவில் புத்தகத்தை எங்கே வைப்பது?

உங்கள் மகளுக்கு ஐந்தரை வயது, மகனுக்கு மூன்று. மாலையில் இருவரும் விளையாட உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் அலறல். அவள் கட்டுவதை இவன் தட்டிவிடுகிறான், அவள் கிள்ளுகிறாள், இவன் கடிக்கிறான். மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் இவன் வந்து புத்தகத்தைப் பிடுங்குகிறான். ஒன்றைக் கிழித்தும் விட்டான். "சண்டை போட்டது போதும், போய் புத்தகத்தை எடுத்துப் படி" என்று பாட்டி தினமும் சொல்ல, இப்போது புத்தகம் என்றாலே மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருவரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடலாமா, வாசிப்பைப் பள்ளிக்கூடத்திடமே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருச்சியில் 22 ஆண்டுகள் மழலையர் வகுப்பு எடுத்தவள் நான். இரண்டு பையன்களை வளர்த்தவள். இப்போது சனிக்கிழமை தோறும் ஒரு கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அக்கா தம்பி, அண்ணன் தங்கை என்று ஜோடியாகத்தான் வருகிறார்கள்.

சண்டை ஒரு பிரச்சினை, வாசிப்பு இன்னொரு பிரச்சினை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் மடி யாருக்கு என்பதுதான் அந்த வீட்டில் நடக்கிற வழக்கு. பொம்மை, சைக்கிள், புத்தகம் எல்லாம் அந்த வழக்கில் வரும் சாட்சிகள். இந்த வழக்குக்குள் புத்தகத்தைத் தண்டனையாகவோ பரிசாகவோ கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அது வெளியே வர ரொம்ப நாள் ஆகும்.

என் வீட்டிலேயே அது நடந்தது. பையன்கள் இருவருக்கும் இரண்டே கால் வயது இடைவெளி. பெரியவன் ஐந்து வயதில் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே ஒரு பக்கத்தை முழுவதுமாக ஒப்பித்துவிட்டான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, காதில் விழுந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். "பாரு, தம்பிகூட சொல்லிட்டான்" என்றேன். சந்தோஷத்தில் வாயில் வந்த வார்த்தை. பெரியவன் எதுவும் பேசவில்லை. அன்று சாயங்காலம் சின்னவனின் பொம்மை லாரியின் நான்கு சக்கரங்களும் பிடுங்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தன. அதன் பிறகு எட்டு மாதம் பெரியவன் என் எதிரில் வாய்விட்டு வாசிக்கவில்லை. வகுப்பில் வாசித்தான், அவன் அப்பாவிடம் வாசித்தான், என்னிடம் மட்டும் இல்லை. சக்கரம் பிடுங்கியதற்கு அவனைத் திட்டினேன். அதற்கும் காலையில் நான் சொன்ன வார்த்தைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிய அத்தனை மாதம் ஆயிற்று.

சரி, முதலில் சண்டை.

மூன்று வயதுப் பிள்ளை கோபுரத்தைத் தட்டிவிடுவதில் பெரும்பாலும் பகை கிடையாது. அவனுக்கு அது விளையாட்டு. தட்டினால் சத்தம் வருகிறது, சரிகிறது, அக்கா உடனே திரும்பிப் பார்க்கிறாள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே எழுதினார்: சின்னப் பிள்ளைகள் முதலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள், சேர்ந்து, விதி வைத்து விளையாடுவது அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருவது. உங்கள் மகள் இரண்டாவது நிலைக்கு வந்துவிட்டாள். அவள் மனதில் ஒரு திட்டம் இருக்கிறது: இது வீடு, இது வாசல், இங்கே கார் வரும். தம்பிக்கு அந்தத் திட்டம் தெரியாது. இன்னொருவர் மனதில் வேறு ஒன்று ஓடுகிறது என்பதே பிள்ளைகளுக்கு நான்கு வயதையொட்டித்தான் பிடிபட ஆரம்பிக்கும். அவள் கண்ணுக்கு இவன் வேண்டுமென்றே கெடுக்கிறான். இவன் கண்ணுக்கு அவள் காரணமே இல்லாமல் கிள்ளுகிறாள். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வயதில் நிஜம்.

அதனால்தான் "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்ற கேள்வியை நான் விட்டுவிடச் சொல்வேன். அந்தக் கேள்விக்கு இந்த வயதில் நேரான பதில் கிடைக்காது. பேசத் தெரிந்தவள் ஜெயிப்பாள், அழத் தெரிந்தவன் ஜெயிப்பான். நீங்கள் நீதிபதியாக உட்கார்ந்தால் அடுத்த சண்டை உங்கள் முன்னால் நடப்பதற்காகவே நடக்கும்.

இன்னொன்றையும் விடச் சொல்வேன், அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். "நீதானே பெரியவ, விட்டுக்கொடு." ஐந்தரை வயதுப் பெண் பெரியவள் இல்லை. தம்பி பிறந்த அன்று ஒரே ராத்திரியில் அவளைப் பெரியவளாக்கியது நாம். நம் வீடுகளில் இது பெண் பிள்ளைக்கு இரட்டிப்பாக விழுகிறது: மூத்தவள் என்பதற்காக ஒரு முறை, அவன் ஆம்பளப் பிள்ளை என்பதற்காக இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுக்க வைக்கப்பட்ட பிள்ளை விட்டுக்கொடுக்கப் பழகுவதில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கிள்ளப் பழகுகிறது. உங்கள் மகளின் கிள்ளலில் அது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்போது என்னதான் செய்வது? முதலில் அவளுடைய வேலைக்கு ஓர் இடம் கொடுங்கள். கட்டில் மேல், மேஜை மேல், அவன் கை எட்டாத ஓர் உயரம். "இது அக்கா கட்டுற இடம்" என்று வீட்டில் எல்லோரும் மதிக்க வேண்டும், பாட்டி உட்பட. தரையில் கட்டினால் அது பொது. தரையில் தம்பிக்கென்று இடிக்கும் கோபுரம் ஒன்று அவளே கட்டிக்கொடுக்கலாம். "நான் அஞ்சு அடுக்கு வைப்பேன், ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் நீ தள்ளு." இதை ஒருமுறை செய்து பாருங்கள். அவன் காத்திருப்பான். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காத்திருக்கவே தெரியாது என்று நினைக்கிறோம். எதற்காக, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் காத்திருக்கும். சைக்கிளில் முறை மாற்றுவதற்கும் இதேதான். "ரெண்டு நிமிஷம்" அவனுக்குப் புரியாது. "இந்த வேப்பமரம் வரைக்கும் ஒரு ரவுண்டு, அப்புறம் அக்கா" புரியும். யார் முதலில் என்பதற்கு சாபூத்ரி இருக்கிறது, இங்கி பிங்கி பாங்கி இருக்கிறது. நாம் சொல்லும் தீர்ப்பைவிட விரல் நின்ற இடத்தை அவர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள்.

சில பொருட்கள் பங்கு போடக் கூடாதவை என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பிறந்தநாள் பொம்மை அவளுடையது. அவன் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் துணி அவனுடையது. எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிற வீட்டில் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. அப்போது கையில் பிடித்திருப்பது ஒன்றுதான் உரிமை ஆகும். அதனால்தான் பிடுங்குகிறார்கள்.

கத்தல் மட்டும் என்றால் பக்கத்தில் இருங்கள், நுழைய வேண்டாம். கடி, அடி, கண்ணுக்குப் பக்கத்தில் குச்சி என்றால் பேச்சே வேண்டாம், உடனே நடுவில் கையை வைத்துப் பிரியுங்கள். பிரித்த பிறகு வார்த்தை கொடுங்கள். எப்படி என்று சொல்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்காருங்கள், நின்றபடி வேண்டாம். அவளைப் பார்த்து: "நீ வீடு கட்டிட்டு இருந்த. விழுந்துருச்சு. கோவமா வருது." அவ்வளவு. "ஆனா" போடாதீர்கள். இவனைப் பார்த்து: "உனக்கும் அக்காகூட விளையாடணும். அதான் வந்த." பிறகு கொஞ்சம் சும்மா இருங்கள். இந்த இடைவெளிதான் கஷ்டம், நமக்கு உடனே முடித்துவிட வேண்டும் போல இருக்கும். அழுகை இறங்கிய பிறகு, "இப்ப என்ன பண்ணலாம்?" என்று இருவரையும் கேளுங்கள். மூத்தவள் ஒன்று சொல்வாள். சின்னவனுக்கு வார்த்தை வராது, அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள்: "அவனுக்கு ஒரு கட்டை வேணுமாம், குடுக்கலாமா?" கனடாவில் ஜூலி ஸ்மித், ஹில்டி ராஸ் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, தீர்ப்புச் சொல்லாமல் நடுவராக இருந்து பிள்ளைகளையே பேசவைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒருவர் பார்வையை இன்னொருவர் புரிந்துகொள்வதிலும் பேசி முடிப்பதிலும் முன்னேறினார்கள். உங்கள் மகள் அந்த வயதின் வாசலில் இருக்கிறாள். மகன் இன்னும் வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சின்னவனைப் பற்றி மூத்தவளிடம் பேசுவது இன்னும் முக்கியம். பிரிட்டனில் ஜூடி டன், கேரல் கெண்ட்ரிக் இருவரும் கேம்பிரிட்ஜ் பகுதிக் குடும்பங்களை வீட்டுக்கே போய்க் கவனித்து 1982இல் எழுதினார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்தே அதை ஓர் ஆளாக நினைத்து, "பாப்பாவுக்கு என்ன வேணும்னு நினைக்கிற? ஏன் அழுது?" என்று மூத்த பிள்ளையிடம் பேசிய அம்மாக்களின் வீட்டில் பின்னாளில் இரண்டு பிள்ளைகளும் கூடுதலாக ஒட்டி இருந்தார்கள். உங்கள் பையனுக்கு மூன்று ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், இந்தப் பேச்சை எப்போதும் தொடங்கலாம். "அவன் ஏன் அழறான்னு உனக்குத் தெரியுமா? எனக்குப் புரியல" என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

மாலை ஆறு மணிக்கு நடக்கும் சண்டைகளில் பாதி பசி. பள்ளி விட்டு வந்தவளுக்கும் மத்தியானம் தூங்காதவனுக்கும் முதலில் வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல், எதுவானாலும் சரி. விளையாட்டுச் சாமான் அதற்கப்புறம் வெளியே வரட்டும்.

சண்டையை நிறுத்த போனைக் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்து. நேரக் கணக்கைவிட எனக்குக் கவலை வேறு. சண்டை போட்டால் போன் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், சண்டைக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இனி வாசிப்பு.

பாட்டியிடம் முதலில் பேசுங்கள். மரியாதையாக, ஆனால் தெளிவாக. "அத்தை, சண்டை போட்டா படின்னு சொல்ல வேண்டாம், நீங்களே அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு கதை சொல்லுங்க" என்று கேளுங்கள். அவருக்கும் ஒரு வேலை கிடைக்கும், கதை அவரிடம்தான் நிறைய இருக்கும். வாசிப்பைத் தண்டனையாக்கினால் என்ன ஆகும் என்று உங்கள் மகளே காட்டிவிட்டாள். பரிசாக்கினாலும் அதேதான்: "சண்டை போடாம இருந்தாதான் ராத்திரி கதை" என்றால், சண்டை போட்ட நாளில், அதாவது அந்தப் பிள்ளைக்கு மடி மிகவும் தேவைப்பட்ட நாளில், கதை இல்லாமல் போகும். எப்படிப்பட்ட நாளாக இருந்தாலும் ராத்திரிக் கதை உண்டு என்று இருக்கட்டும்.

அப்புறம், பாடமும் கதையும் ஒரே வேளையில் வேண்டாம். கதை வாசிக்கும்போது "இது என்ன எழுத்து?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே போனால் கதை செத்துவிடும். கதையின்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988இல் இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தது. வாசிப்பதைக் குறைத்து, பிள்ளையைப் பேசவைக்க வேண்டும். படத்தைக் காட்டி "இங்க என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். பிள்ளை "நாய் ஓடுது" என்றால், "ஆமா, கருப்பு நாய் மழைக்கு பயந்து ஓடுது" என்று கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்ற பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறியது. உங்கள் வீட்டில் இதற்கு இரட்டைப் பலன் உண்டு. "இந்தக் குட்டிக்கு ஏன் கோவம்?" என்று படத்தைப் பார்த்துப் பேசிய பிள்ளைக்கு, தன் கோபத்தைச் சொல்லவும் ஒரு வார்த்தை கையில் இருக்கும். வார்த்தை இருக்கிற பிள்ளை கடிப்பது குறையும். மூன்று வயதில் கடிப்பது பெரும்பாலும் சொல்லத் தெரியாமல் கடிப்பதுதான்.

இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்து வாசிக்கும்போது வலது தொடையில் ஒருவர், இடது தொடையில் ஒருவர். புத்தகம் நடுவில். பக்கம் திருப்புவது தம்பியின் வேலை, எப்போதும். எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்வது அக்காவின் வேலை. அவள் "இப்ப" என்றால் அவன் திருப்புவான். என் சனிக்கிழமை வகுப்பில் இதை எத்தனையோ ஜோடிகளிடம் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அவன் நான்கு பக்கத்தைச் சேர்த்துத் திருப்புவான், அவள் கையைத் தட்டிவிடுவாள். மூன்றாம் வாரம் அவன் விரலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆனால் மகளுக்குத் தனியாக ஒரு பத்து நிமிடம் வேண்டும். தம்பி குளிக்கும்போது, அப்பா அவனைக் கடைக்குக் கூட்டிப்போகும்போது, எப்போதாவது. கதவைச் சாத்திக்கொண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் எழுத்து.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய அம்மாக்கள் இதில்தான் பதறுகிறார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து, இங்கே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு வயதில் ஏபிசிடி முழுவதும் சொல்கிறதே, என் பிள்ளை க வரிசையிலேயே நிற்கிறதே என்று ஒப்பிடாதீர்கள். பெங்களூரில் சோனாலி நாக் கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுத்து நிறைய இருக்கும் மொழிகளில் முழு வரிசையும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டினார். கன்னடத்தைவிடத் தமிழில் எழுத்து குறைவுதான், ஆனால் வழி ஒன்றே. ஐந்தரை வயதில் 247ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வரிசையாகப் போகாதீர்கள். அவள் பெயரின் எழுத்துகளில் தொடங்குங்கள். (இப்போது பிள்ளைகளின் பெயர் பாதி ஹ, ஷ, ஜ, ஸ்ரீ என்றுதான் தொடங்குகிறது, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் அந்த எழுத்தே இருக்காது. பரவாயில்லை, அதையும் எழுதி ஒட்டுங்கள்.) பிறகு ப, ட, ம, ர, க, ல் இவற்றோடு ழ, ம். ஏழெட்டு எழுத்துதான். படம், மடம், மரம், பழம், கடல், பகல் என்று அன்றைக்கே வாசிக்கலாம். எழுத்துத் தெரிந்த சந்தோஷம் ஒன்று, சொல்லை வாசித்த சந்தோஷம் வேறு. இரண்டாவதைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் மீதி எழுத்தை அவளே கேட்பாள். துணைக்கால் எளிது: ப பா, க கா. கொம்பு கஷ்டம். "தேன்" என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'த்' ஒலியை. இடமிருந்து வலமாகப் போகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் திரும்பி வா என்கிறோம். 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் ஆள். அடுத்தது உகரம்: கு, சு, டு, து, பு, லு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வால் வைத்திருக்கும். இந்த இடங்களில் பிள்ளை நின்றால் அது மந்தம் இல்லை, அங்கே எல்லாப் பிள்ளைகளும் நிற்கும். அங்கே நீங்களும் நின்று, நாலு நாள் அதையே விளையாடுங்கள்.

உங்கள் மாமனாரின் பழைய புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதில் லை, ணை, றா, னா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்தைய அச்சு. தாத்தாவிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். தாத்தாவுக்கே எழுத்து மாறியது என்று தெரிந்ததும் என் பெரியவனுக்கு ஒரு தைரியம் வந்ததை நான் பார்த்தேன்.

எழுத்தை விரலால் காட்டுவதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. கனடாவில் 2005இல் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் வாசிக்கும்போது எழுதப் படிக்கத் தொடங்காத பிள்ளைகள் எழுத்தைக் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை, படத்தையே பார்க்கிறார்கள். அதனால் தலைப்பை வாசிக்கும்போது மட்டும் விரலை எழுத்தின் கீழே ஓட்டுங்கள். ஒரு கதைக்கு அது போதும்.

இன்னொரு சங்கடம் நம் மொழிக்கே உரியது. பிள்ளை பேசுவது "வந்தாங்க, போச்சு, இல்ல". புத்தகத்தில் "வந்தார்கள், போயிற்று, இல்லை". முதல் தடவை கேட்கிற பிள்ளைக்கு அது பாதி அந்நிய மொழி. நான் செய்வது இது: முதல் நாள் படத்தைக் காட்டிப் பேச்சுத்தமிழில் கதையைச் சொல்லிவிடுவேன். இரண்டாம் நாள் அச்சில் உள்ளபடி வாசிப்பேன். கதை ஏற்கெனவே தெரிந்ததால் "வந்தார்கள்" அவர்களைத் தடுக்காது. ஐந்தாறு நாளில் அவர்களே விளையாட்டில் "ராஜா வந்தார்! எல்லோரும் எழுந்தார்கள்!" என்று புத்தகத் தமிழில் பேசுவார்கள். உங்கள் மகள் அப்படிப் பேசும் நாளில் எனக்கு எழுதுங்கள், நான் சந்தோஷப்படுவேன்.

கிழிந்த புத்தகத்துக்கு வருகிறேன். மூன்று வயதுக் கைக்குக் கிழிப்பது பிடிக்கும், அந்தச் சத்தமே பிடிக்கும். கிழிக்காதே என்று மட்டும் சொன்னால் போதாது, கிழிக்க ஒன்று கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் அந்த வேலையைச் செய்தது. காலையில் முந்தின நாள் தாளைக் கிழிப்பது சின்னவனின் உரிமை. அவனைத் தூக்கிப் பிடிப்பேன், இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. கிழிந்த தாளைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுப்பான். புதிதாகத் தெரியும் தாளில் கொட்டை எழுத்தில் உள்ள எண்ணையும் கிழமையையும் அண்ணன் வாசிப்பான். "பதினேழு. செ... வ்... வாய்." என்னிடம் வாசிக்காமல் இருந்த அந்த எட்டு மாதத்திலும் காலண்டரைத் தம்பிக்கு வாசித்தான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் மறுபடியும் என் பக்கத்தில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தது அந்த வழியாகத்தான்.

கிழிந்த கதைப் புத்தகத்தை இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். டேப்பைப் பிடிப்பது தம்பி, பக்க எண் பார்த்து அடுக்குவது அக்கா. திட்ட வேண்டாம். ஒட்டிய புத்தகத்தின் மேல் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிடும்.

சேர்ந்து விளையாட வைக்க விரும்பினால், எழுத்தும் இருக்கிற, இரண்டு வயதுக்கும் வேலை இருக்கிற விளையாட்டாகப் பாருங்கள். கடை விளையாட்டு: அக்கா கடைக்காரி, துண்டுத்தாளில் பால், பழம், உப்பு, புளி என்று எழுதி டப்பாவில் ஒட்டுவாள். தம்பி பை கொண்டுவரும் வாடிக்கையாளர், நோட்டு கொடுப்பது அவன். பஸ் விளையாட்டு இன்னும் நல்லது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். தம்பி டிரைவர், அந்த இடத்தை அவன் யாருக்கும் தரமாட்டான், தர வேண்டியதும் இல்லை. அக்கா கண்டக்டர், டிக்கெட் எழுதுவாள், ஊர்ப் பலகை எழுதி முன்னால் மாட்டுவாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் அடையாளம் காணும் சொல் பெரும்பாலும் "ஸ்ரீரங்கம்", எழுத்து தெரிவதற்கு முன்பே, பஸ் பலகையில் தினம் பார்த்ததால். அது வாசிப்பு இல்லை என்பார்கள் சிலர். வாசிப்பின் வாசல் என்று நான் சொல்வேன். நடக்கும்போது கடைப் பலகை, பஸ் பலகை, பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள்.

மகனுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க இப்போது அவசரம் வேண்டாம். பென்சில் பிடிக்க விரல் இன்னும் உறுதிப்பட வேண்டும். அரிசியில், மணலில் விரலால் கோடு இழுக்கட்டும், மாவு பிசையட்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் தொடங்கினார்கள்.

புத்தகத்துக்கு நிறையச் செலவு செய்யத் தேவையில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது, உங்கள் பக்கத்தில் ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ நிச்சயம் இருக்கும். சென்னையில் இருந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைப் பக்கம் என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவே பார்க்க வேண்டிய இடம். இருவரும் ஆளுக்கொரு புத்தகம் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். மகன் கார் படப் புத்தகத்தையே பத்துத் தடவை எடுத்தாலும் சரி. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அச்செடுத்து நூலில் கோத்துக் கொடுங்கள், கிழிந்தால் இன்னொன்று எடுக்கலாம். துளிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில இருமொழிப் படப் புத்தகங்களையும் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மகன் மூன்று வயதிலும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையின் பிடிவாதத்தைக் குணம் என்று நினைத்து அடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே கேட்கும் திறன், பேச்சு, வளர்ச்சி எல்லாம் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள்.

மகள் இப்போது புத்தகத்தை வெறுக்கிறாள் என்பதால் ஒரு பத்து நாள் எழுத்துப் பேச்சே எடுக்காதீர்கள். ராத்திரி நீங்கள் பாட்டுக்கு ஒரு படக்கதையை எடுத்து, படுக்கையில் சாய்ந்து, தம்பிக்கு வாசிப்பதுபோல வாசியுங்கள். அவளைக் கூப்பிட வேண்டாம். முதல் நாள் மூன்று நிமிடம்தான் நிற்கும், நாலாம் பக்கத்தில் தம்பி எழுந்து ஓடுவான். ஓடட்டும். நீங்கள் நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். அவள் திரும்பிப் படுத்திருப்பாள், ஆனால் தூங்கியிருக்க மாட்டாள்.